ஐந்துக்கு ஒரு நூல் குறைவு

"அம்மிணி, நீ அந்த மூக்கை மட்டும் பாரு, வேற எங்கயும் பராக்குப் பாக்காத," என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உட்காரும்போதே இரண்டு முட்டியும் சடக்கென்றது கமலவேணிக்குக் கேட்டது. உக்கடத்துப் பழைய இரும்புச் சந்தின் அத்தனை சுத்தியல் அடிக்கும் நடுவில் அது மட்டும் தனியாகக் கேட்டது. இந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் மகாராஜா மலையேறப் போகிறார். மூக்கு என்று அவர் சொன்னது நிஜ மூக்கை இல்லை. பழைய ஜீப் ஒன்றின் பின்பக்க ஆக்சிலை இரண்டு டயர்களின் மேல் குறுக்கே கிடத்தியிருந்தார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரோடு மறந்துபோன ஆளைப் போல. இரண்டு முனையிலும் சக்கரம் மாட்டுகிற டிரம், நடுவில் மாசமான வயிறு மாதிரி ஒரு புடைப்பு, புடைப்பிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டைத் தட்டு. அந்தத் தட்டுக்குத்தான் மூக்கு என்று பேர் வைத்திருந்தார். அதன் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு பக்க டிரம்மைக் கடப்பாரை கொடுத்து அசையாமல் முட்டுக்கட்டியாயிற்று. மறுபக்க டிரம்மை அவர் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவார். அதற்குள் மூக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இவள் எண்ணவேண்டும். அவர் கண் டிரம்மின் மேல், இவள் கண் மூக்கின் மேல். நேற்று வீட்டுப் போர்ட்டிகோவில், செங்கல் அடுக்கின் மேல் நிற்கிற ஜீப்பின் முன்பக்கத்தையும் இப்படித்தான் இருவருமாக எண்ணினார்கள். ஐந்துக்கு ஒரு நூல் குறைவு. பின்னாலும் அதே கணக்கு வரவேண்டும். ஐந்தைத் தாண்டிப் போனால் அது வேறு பல், உள்ளே இருக்கிற பல்சக்கரமே வேறு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது முன்னால் ஒரு கணக்கு, பின்னால் ஒரு கணக்கு என்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, சரியாக ஏற்றத்தில் ஏதாவது ஒன்று படாரென்று முறியும். இது அவளுக்குத் தெரியாததா? கல்யாணமான நாளிலிருந்து சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதைத்தானே பரிமாறுகிறார். தெரிந்ததால்தான் காலையில் தலைக்கு ஊற்றும்போதே முடிவுசெய்துவிட்டாள்: என்ன வந்தாலும் சரி, ஐந்தே கால் என்று சொல்லிவிடுவது. பொருந்தல, வேண்டாம், எந்திரிங்க, போற வழியில கீரை வாங்கிட்டுப் போலாம். அவ்வளவுதான், தீர்ந்தது.

டிரம் முனகியது. மூக்கு அசைந்தது. சாக்பீஸ் கோடு உச்சியிலிருந்து சரிந்து, கீழே மறைந்து, அந்தப் பக்கமாக ஏறி மறுபடி உச்சிக்கு வந்தது. ஒன்று. பொய் சொல்லத் தீர்மானித்தவள் எதற்கு எண்ணவேண்டும் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது, ஆனாலும் எண்ணு என்றால் மனசு எண்ணுகிறது, சனியன், பழக்கதோஷம். உள்ளே கிரீஸ் கட்டிதட்டிப் போயிருக்கவேண்டும், அவர் கொஞ்சம் சுற்றுவதும் மூச்சு வாங்க நிற்பதுமாக இருந்தார். கழுத்துக்குப் பின்னால் வியர்வை சட்டைக் காலரில் இறங்கியது. அந்தக் கழுத்தைத்தான் அன்றைக்கும் பார்த்தாள், பால் கேன் ஏற்றி வந்த லாரியிலிருந்து இறங்கி, கழுத்தெல்லாம் சேறு காய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்று சிரித்தபோது. போன ஐப்பசி. கோத்தகிரிப் பக்கம் ஏதோ கைவிட்ட எஸ்டேட்டாம், அதற்குள் பாதை இல்லாத இடமாகப் பார்த்து ஜீப்பை ஏற்றுவார்களாம், ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி, எல்லாம் பேரன் எடுக்கிற வயசு. பாதை இருக்கிற இடத்தில் போனால் பெட்ரோல் இறங்காதா? பின்னாடி ஆக்சில் உள்ளே முறிஞ்சுபோச்சு, வண்டி பின்னால வழுக்கிட்டு வந்துச்சு, ஒரு சில்வர் ஓக் மரம் புடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான் அம்மிணி, காப்பி குடு. அவ்வளவுதான். வண்டியை இழுத்துவரப் போனபோது இவளும் பிடிவாதமாகக் கூடப் போனாள். மரத்தில் பட்டை உரிந்திருந்தது, தோல் உரித்த ஆட்டுக்கால் மாதிரி. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், ஹவுசிங்கே வளைஞ்சு போச்சு, முழு ஆக்சிலையும் மாத்தோணும் என்று பேசிக்கொண்டார்கள். இவள் மட்டும் மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். பின்னால் எதுவும் இல்லை. பள்ளம் என்றுகூடச் சொல்லமுடியாது, பள்ளமென்றால் அடி என்று ஒன்று தெரியவேண்டும். வெறும் பனி, பனிக்குள் எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். பக்கத்து மரம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக்கூடாது. அதற்கப்புறம் குக்கர் மூடியைத் திறந்தாலும் ஆவிக்குள் அந்த வெறுமைதான் முதலில் தெரிகிறது, அதற்கப்புறம்தான் பருப்பு.

இரண்டு. "எண்ணுங்கக்கா, நல்லா எண்ணுங்க," என்றான் ஜாஃபர் பாய், கடைக்காரன், கவிழ்த்துப் போட்ட கியர்பாக்ஸின் மேல் சப்பணமிட்டு டீ குடித்துக்கொண்டே. "பொண்ணு பாக்க வந்தாப் பல்லைப் பாக்கோணும், ஆக்சில் பாக்க வந்தாலும் பல்லைத்தான் பாக்கோணும்." "பொண்ணுக்கு மட்டுந்தான் பல்லா பாய், மாப்பிள்ளைக்குக் கிடையாதா?" என்றாள் கண்ணை எடுக்காமல். பாய் டீயோடு சிரித்தான், சென்னியப்பனும் சிரித்தார். அவர் சிரித்தது அவளை எங்கேயோ நெருடியது. வாய்விட்டு, தோள் குலுங்க. வீட்டில் இந்தச் சிரிப்பு கேட்டு எத்தனை மாசம். வண்டி செங்கல் மேல் ஏறிய நாளிலிருந்து மனுஷர் வீட்டுக்குள் இறங்கிவிட்டார். வார்ப்படப் பட்டறையையும் அதற்கு முன்னாலேயே கைமாற்றிவிட்டதால் போக்கிடம் இல்லை. முதல் வாரம் பீன்ஸ் நறுக்கிக் கொடுத்தார், ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நீளம், அது வெந்து சாப்பிட்டு ஜீரணமானபின்னும் அந்த நீளத்தைப் பற்றியே பேசினார். அப்புறம் மிளகாய்த்தூள் டப்பாவையும் மல்லித்தூள் டப்பாவையும் உயரப்படி அடுக்கினார். கையெடுத்துக் கும்பிட்டு அடுப்படியை விட்டு வெளியே அனுப்பினாள். போய் முன்னறையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டிவி ஓடும், சத்தம் இருக்காது. சத்தம் வைக்கட்டுங்களா என்றால், எதுக்கு. தோசையா சப்பாத்தியா என்றால், எதுவோ. எதுவோ என்று ஒரு பலகாரம் உலகத்தில் உண்டா? மகள் பெங்களூரிலிருந்து போனில், அப்பாவை டாக்டர்கிட்டக் காட்டும்மா என்றாள், காட்டினாள், டாக்டர் எல்லாம் நார்மல் என்றார். நார்மல்! பாவி, உனக்கு என்ன தெரியும், அவர் சாயங்காலமானால் போர்ட்டிகோவுக்குப் போய் ஓடாத வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறிக் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கி வருகிறார் என்பதை எந்த மெஷின் காட்டும்? அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி, ஏனுங்க காப்பி ஆறுது என்று கத்தியிருக்கிறாள். இருந்தாலும் உட்கார்ந்திருக்கிற ஆள் உட்கார்ந்தாவது இருக்கிறார் இல்லையா. எதுவோ என்று சொல்லவாவது ஒரு வாய் வீட்டில் இருக்கிறது. மரத்துக்குப் பின்னால் அதுவும் இல்லை.

கோடு மறுபடி மேலே வந்தது. மூன்றா? மூன்றாகத்தான் இருக்கவேண்டும். புடைப்பின் பின்பக்கம், கிரீஸும் துருவும் அப்பிய இடத்தில், வேறு ஒரு நிறம் தெரிந்தது, குனிந்து பார்த்தாள், சந்தனம். காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் கருத்துப்போன குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. வண்டிக்கு அடியில் புகுந்து இங்கே பொட்டு வைக்க எந்த ஆண்பிள்ளைக்குத் தோன்றும்? அவர்கள் பேனட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பொரி தின்னப் போய்விடுவார்கள். இது ஒரு பெண்பிள்ளை வைத்தது, மழைக்கும் சேற்றுக்கும் அழியாதபடி, பார்த்துப் பார்த்து, உள்ளே தள்ளி வைத்தது. "பாய், இது எந்த வண்டிது?" "சர்க்கார் ஏலங்க்கா." "எல்லாமே சர்க்கார் ஏலந்தானா? இந்தச் சந்துல கெடக்கறதையெல்லாம் கூட்டினா நம்ம சர்க்கார்கிட்ட உலகத்துலயே பெரிய படை இருந்திருக்கோணுமே." "பெரிய சர்க்காருங்க்கா!" "அப்பப் பொட்டு?" "சர்க்கார் ஜீப்புக்கும் வெப்பாங்கக்கா, சர்க்காருக்குச் சாமி இல்லீங்களா?" இந்தச் சந்தில் எந்த வண்டி, எங்கே விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது; கேட்டால் வியாபாரம் நடக்காது. பொட்டு வைத்தவள் எங்கே இருக்கிறாளோ. அவளும் ஒரு நாள் இப்படிக் குனிந்து, இந்த வருஷம் ஒன்றும் ஆகக்கூடாது என்று முணுமுணுத்திருப்பாள். பொய் சொல்வதில் தப்பே இல்லை, காப்பாற்றுகிற பொய். குன்னூர் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத்துக்கு ஒரு நம்பிக்கை: பொய் சொல்கிற பெண் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பாள். வரிசையில் நிற்கவைத்து முகத்தைப் பார்க்கமாட்டார், ஷூவைத்தான் பார்ப்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் கமலவேணி கற்றுக்கொண்டு வந்த இரண்டில் ஒன்று இங்கிலீஷ், இன்னொன்று கால் அசையாமல் பொய் சொல்வது. எத்தனை நாடகம், எத்தனை வயிற்றுவலி. சிஸ்டர் செத்துப்போனபோது நிஜமாகவே அழுதாள், அதைத்தான் யாரும் நம்பவில்லை. டிரம் நின்றது. "ரெண்டு சுத்து முடிஞ்சுது," என்றார் சென்னியப்பன், "எத்தன?" கோடு பக்கவாட்டில் எங்கேயோ நின்றிருந்தது, கீழே போகிறதா மேலே வருகிறதா என்றுகூட அவள் கவனிக்கவில்லை. நான்கையும் ஐந்தையும் காணோம். சந்தனத்துக்குள் போய்விட்டது, சிஸ்டரின் ஷூவுக்குள் போய்விட்டது. போனால் என்ன. செருப்புக்குள் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள்.

"அஞ்சே கால். அதுக்கு மேலயும் போயிருச்சு." ஜாஃபர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "இல்லீங்கக்கா, இது அஞ்சுக்கு உள்ளாற வர்ற சாமானம், மறுக்கா எண்ணுங்க, நான் பொய் சொல்லமாட்டன்." "பாய்," என்றார் சென்னியப்பன், கோபமாக இல்லை, கொஞ்சம் பெருமையாகவே, "அவ எண்ணினா எண்ணினதுதான். மறுக்கா எல்லாம் வேண்டாம். பட்டறையில சரக்கு நான் எண்ணி அனுப்புனதுல தப்பு வந்திருக்குது, அவ எண்ணுனதுல வந்ததில்ல." முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். சுருங்கும், உதடு கீழிறங்கும், சரி வா போலாம் என்பார், வீடு வரும்வரை பேசமாட்டார், போனதும் நேரே முன்னறை. அந்த முன்னறைக்காகத்தானே இத்தனையும். ஆனால் சென்னியப்பன் தாடையைச் சொறிந்தார், சாக்பீஸால் தரையில் ஏதோ கிறுக்கினார், சட்டென்று நிமிர்ந்தபோது கண்ணில் பட்டறைக் காலத்து வெளிச்சம். "பாய், முன்பக்க ஆக்சில் ஒண்ணு உள்ள வெச்சிருக்கறன்னு சொன்னியே, அது அஞ்சே கால்தான?" "அது அஞ்சே கால்தாங்ணா, சத்தியமா." "அப்ப ஜோடியாக் குடு. முன்னாடி இருக்கறதக் கழட்டி வீசிட்டு ரெண்டையும் மாட்டிர்றேன். மலைக்கு அஞ்சே கால்தான் அம்மிணி இன்னும் ஒசத்தி, ஒண்ணாங் கியர்ல எறும்பாட்ட ஏறும்!" பாய் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். இரும்பு இரும்பின் மேல் உராய்கிற சத்தம் வந்தது.

அட கடவுளே. கமலவேணி எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள், பிடிக்க இருந்ததெல்லாம் துருவும் கிரீஸும். பாய் சொன்னது நிஜமென்றால் இது ஐந்துக்கு உள்ளே. உள்ளேயிருந்து இழுத்துவருவது ஐந்தே கால். இவள் சொன்ன ஒரு வார்த்தையால் முன்னால் ஒரு கணக்கும் பின்னால் ஒரு கணக்குமாக மாட்டிக்கொண்டு அவர் ஏறுவார், விசில் அடித்துக்கொண்டு ஏறுவார், நடு ஏற்றத்தில் படாரென்னும், அப்போது அங்கே மரம் இருக்குமா? எல்லா இடத்திலும் எவனாவது மரம் நட்டு வைத்திருப்பானா? சொல்லவேண்டாம், வேறு ஏதாவது சொல்லலாம், தலை சுற்றுது, வெயில், கீரை தீந்துரும், நாளைக்கு வரலாம். நாளைக்கு அவரே வருவார், தனியாக, அஞ்சே கால் என்று மந்திரம் மாதிரி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு. மறுபடி எண்ணக்கூட மாட்டார், அவ எண்ணினா எண்ணினதுதான். பாதகத்தி. "ஏனுங்க," என்றாள். "ம்?" "நான் எண்ணல." அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார், சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய் இருந்தது. "என்ன எண்ணல?" "மூக்கைத்தான். ரெண்டு வரைக்கும் எண்ணினேன், மூணோ என்னமோ, அப்பறம் விட்டுட்டேன்." "அஞ்சே கால்னு சொன்னியே?" "வாயில வந்துச்சு. இல்ல, வாயில வரல, காலையிலயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். நீங்க இதை வாங்கக்கூடாதுன்னு." எதிர்க்கடையில் ஒருவன் பேனட்டை அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான், அடி, அடி, அடி. சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. "கேட்டிருக்கலாமில்ல, போகாதீங்கன்னு," என்றார். "கேட்டா? கேட்டா எதுவோன்னு சொல்லுவீங்க!" என்று வெடித்தாள், அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அந்த மரத்துக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா? எல்லாரும் ஆக்சில் வளைஞ்சுது, ஆக்சில் வளைஞ்சுதுன்னு சுத்திச் சுத்தி வந்தீங்களே, ஒருத்தராவது பின்னால போய்ப் பாத்தீங்களா?" அவர் சாக்பீஸ் தூளைக் கால்சட்டையில் துடைத்தார். ஒரு விரலை, அப்புறம் இன்னொரு விரலை. "பாத்தேன்." "எப்ப?" "அன்னைக்கேதான். வண்டி நின்னதும் எறங்கலாம்னு கதவத் தொறந்து காலை வெச்சேன். கால் வெக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எடுத்துட்டு, மெதுவா அக்கட்டால சீட்டுக்கு மாறி உக்காந்து, அந்தப் பக்கமா எறங்கினேன்." "எங்கிட்டச் சொல்லவேயில்ல." "சொன்னா நீ உடுவியா?" "இப்ப மட்டும் உட்டனா?" "அதான் தெரியுதே." எதற்கோ இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "அப்பறம் ஏன் போறீங்க? சொல்லுங்க, ஏன்? அதையும் பாத்துட்டு ஏன் மறுக்காவும்?" அவர் டிரம்மின் விளிம்பில் தன் கைரேகை கிரீஸில் பதிந்திருந்ததைக் கட்டைவிரலால் அழித்தார். "தெரியல அம்மிணி," என்றார். "வீட்டுல உக்காந்திருந்தா, எந்நேரமும் அந்தக் கதவத் தொறந்து காலை வெச்சுட்டே இருக்கற மாதிரி இருக்குது. வண்டிய மேல கொண்டு போயி ஒருக்கா நிறுத்திட்டு, நல்லபடியா எறங்கி வந்துட்டா நின்னுரும்னு தோணுது. நிக்காமயும் போலாம்."

முன்னறை. சத்தமில்லாத டிவி. அவள் நினைத்திருந்தாள் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று, பத்திரமாக, பூட்டின வீட்டுக்குள், விசிறிக்குக் கீழே. இல்லை. அத்தனை மாசமும் மனுஷர் ஒரு காலை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், அவள் எதிரில் நின்று தோசையா சப்பாத்தியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பள்ளத்தை, ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொள்ளாமல். இரண்டு பேரையும் நிற்கவைத்துச் செருப்பாலடிக்க ஒரு சிஸ்டர் இல்லாமல் போய்விட்டார். பாய் உள்ளேயிருந்து முன்பக்க ஆக்சிலை ஒரு முனையைத் தூக்கி ஒரு முனையை இழுத்து வந்து கொண்டிருந்தான். "பாய், அங்கயே வைங்க, அது வேண்டியதில்ல," என்றாள். பாய் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், இருபது வருஷம் வியாபாரம் செய்தவன், எதுவும் கேட்காமல் இரும்பைக் கீழே விட்டுவிட்டு இடுப்பை நிமிர்த்திக்கொண்டான். "சுத்துங்க," என்றாள் அவரிடம். "கோட்டை உச்சிக்குக் கொண்டு வந்து நிறுத்திட்டு, மொதல்ல இருந்து சுத்துங்க." அவர் சுற்றினார். இந்தத் தடவை மனசுக்குள் இல்லை. "ஒண்ணு!" என்றாள், ஜெபம் சொல்லிக்கொடுக்கிற குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி, எதிர்க்கடைக்காரன் சுத்தியலோடு திரும்பிப் பார்த்தான், பார்க்கட்டும். மரம் வந்தது, போ என்றாள். சந்தனம் வந்தது, நீயும் போ. "ரெண்டு." அவர் மூச்சு வாங்க நின்றார், அவளும் நின்றாள், கோட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டியதைத் தோளில் துடைக்கக்கூட இல்லை. "மூணு." இன்னமும் மாற்றிச் சொல்லலாம், யாருக்குத் தெரியும், பாய் சொன்னால் வியாபாரி சொல்கிறான் என்று போய்விடும். "நாலு." கோடு கீழே போயிற்று, மெல்ல, மெல்ல, அந்தப் பக்கமாக ஏறியது, ஏறிக்கொண்டே வந்து, உச்சியைத் தொடுவதற்கு முன்னால், தொட்டுவிடும் போலிருந்த இடத்தில் நின்றது. "ரெண்டு சுத்து," என்றார் அவர். "அஞ்சுக்கு ஒரு நூல் குறைச்சல்," என்றாள் கமலவேணி. "முன்னாடி மாதிரியேதான். பொருந்துது."

சென்னியப்பன் தலையைத் தூக்கி அவளையே பார்த்தார், விலை கேட்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி. "நெசமாவா?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. அவர் டிரம்மில் கையை ஊன்றி எழுந்தார், முட்டி சடக்கென்றது, ஆக்சிலைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார், மறுபடி குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்குக்கு மூக்கு வைக்கிற மாதிரி அந்தத் தட்டுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார். வெயில் தட்டில் பட்டுக் கண் கூசியது, அவர் கையால் மறைத்துப் பார்த்தார், கை போதவில்லை. கமலவேணி ஒரு எட்டுப் பின்வாங்கி அவருக்கு இடம் விட்டாள். அப்புறம் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அவர் தலைக்கு மேல் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டாள். "நல்லாப் பாருங்க," என்றாள்.